உள்ளூர் லாரிக்கும் பர்மிட் உண்டு

போக்குவரத்து வாகனம் எதையும் பர்மிட் இல்லாமல் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது, ஓட விடவும் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆவது பிரிவு. நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு முட்டை ஏற்றிச் செல்லும் லாரிக்கும், மாவட்ட எல்லையைக்கூடத் தாண்டாமல் சூளைக்கும் கட்டடம் எழும் இடத்துக்கும் நடையடிக்கும் டிப்பருக்கும் விதி ஒன்றுதான். வண்டியில் சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பர்மிட் வேண்டும் என்பதையும் அதே பிரிவு சொல்லிவிடுகிறது. லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரிக்கும் விலக்கு இல்லை.

‘வாடகைக்கு ஓட்டவில்லை, சொந்தச் சரக்கைத்தான் ஏற்றுகிறோம்’ என்று நினைத்துப் பர்மிட் எடுக்காமல் விடுபவர்கள் உண்டு. அந்த நினைப்புக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொந்தச் சரக்கை ஏற்றும் வண்டிக்கு ஒரு வகை பர்மிட், ஊரார் சரக்கை வாடகைக்கு ஏற்றும் வண்டிக்கு வேறு வகை பர்மிட் என்று இரண்டு இருந்தன. பழைய லாரிகளின் நெற்றியில் ‘பப்ளிக் கேரியர்’ என்று எழுதியிருந்தது அதனால்தான். 1988ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் ‘சரக்கு வாகனம்’ என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்துவிட்டது. தன் ஆலையின் அரிசியைத் தன் லாரியிலேயே அனுப்பும் அரிசி ஆலைக்காரருக்கும் இப்போது அதே பர்மிட்தான்.

விலக்குப் பெற்றவற்றில் முதன்மையானவை சிறிய வண்டிகள். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்போகாத சரக்கு வாகனத்துக்குப் பர்மிட் தேவையில்லை. ‘குட்டி யானை’ என்று ஊரெங்கும் அழைக்கப்படும் டாடா ஏஸ் இந்த வரம்புக்குள் வருகிறது. மொத்த எடை என்பது வண்டியின் எடையும் அது ஏற்ற அனுமதிக்கப்பட்ட சரக்கின் எடையும் சேர்ந்தது. ஏற்றுவது ஒன்றரை டன்தானே என்று சரக்கை மட்டும் கணக்கிட்டால் தவறாகிவிடும். ஆர்.சி.யில் மொத்த எடை என்ற இடத்தில் உள்ள எண்ணே முடிவானது. பேட்டரி, எத்தனால், மெத்தனால் ஆகியவற்றால் ஓடும் போக்குவரத்து வாகனங்களுக்கு 2018 அக்டோபரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், பழுது பார்க்கக் காலியாகச் செல்லும் வண்டி ஆகியவற்றுக்கும் பர்மிட் வேண்டாம். ஆனால் இவையெல்லாம் பர்மிட்டிலிருந்து மட்டுமே கிடைக்கும் விலக்கு. குட்டி யானைக்கும் இன்சூரன்சும் எஃப்.சி.யும் கட்டாயம்.

பர்மிட் வழங்கும் அதிகாரம் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்கு உரியது. மக்கள் வழக்கில் அது ஆர்.டி.ஓ. ஆபீஸ். வண்டி ஓடப்போகும் பகுதி அல்லது வழித்தடம், வண்டியின் வகை, ஏற்றும் திறன், ஏற்றப்போகும் சரக்கின் தன்மை, வண்டியை நிறுத்தவும் பராமரிக்கவும் உள்ள ஏற்பாடு ஆகியவற்றை விண்ணப்பத்தில் தெரிவிக்க வேண்டும். பரிவாகன் இணையதளத்தின் வழியாகவே விண்ணப்பிக்கலாம். பர்மிட் கேட்டால் சாதாரணமாக மறுக்கக் கூடாது என்று சட்டமே ஆணையத்துக்குச் சொல்கிறது. லாரிக்காரருக்கு இது நல்ல பாதுகாப்பு. பர்மிட் ஒரு சலுகை, யாரையாவது பிடித்துத்தான் வாங்க வேண்டும் என்று எண்ணி இடைத்தரகரிடம் பணத்தைக் கொட்டுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

கொடுக்கும் பர்மிட்டில் ஆணையம் நிபந்தனைகள் சேர்க்கலாம். இன்ன பகுதியில் மட்டும் ஓட வேண்டும், இன்ன சரக்கை ஏற்றக் கூடாது என்று வரையறுக்கலாம். எல்லாப் பர்மிட்டுக்கும் பொதுவான நிபந்தனைகளும் உண்டு. எஃப்.சி. நடப்பில் இருக்க வேண்டும். உரிமையாளரின் பெயரும் முகவரியும் வண்டியின் இரு பக்கமும் பளிச்செனத் தெரியும் நிறத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு வட்டாரத்தில் வாங்கிய பர்மிட் மாநிலத்தின் பிற வட்டாரங்களில் செல்லுமா? பேருந்துக்கு அங்குள்ள ஆணையத்தின் மேலொப்பம் வேண்டும். சரக்கு லாரிக்கு வேண்டாம். பிற வட்டாரங்களையும் சேர்த்துப் பர்மிட் வழங்கப்பட்டிருந்தால் அதுவே போதும். சேலத்தில் எடுத்த ஸ்டேட் பர்மிட்டோடு தூத்துக்குடித் துறைமுகம் வரை போகலாம். புறப்படும் இடமும் சேரும் இடமும் ஒரே மாநிலத்தில் இருந்து, நடுவில் மட்டும் அடுத்த மாநிலம் குறுக்கிட்டால் சட்டம் 16 கிலோமீட்டர் வரை விட்டுக்கொடுக்கிறது. அதற்கு மேல் போனால் அந்த மாநிலத்தின் ஒப்புதல் வேண்டும். புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு லோடு எடுப்பவர்கள் இந்தத் தூரக் கணக்கை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

பல மாநிலங்களுக்கு ஓடும் லாரிக்கு நேஷனல் பர்மிட் தனி. அதற்கான ஒருங்கிணைந்த கட்டணம் ஆண்டுக்கு 16,500 ரூபாய். இரண்டு அச்சு லாரிக்கு 12 வயதுக்கு மேல் நேஷனல் பர்மிட் கிடையாது. தொலைதூரம் ஓடி முடித்த லாரிகள் தம் கடைசிக் காலத்தை ஸ்டேட் பர்மிட்டில் கழிப்பது இதனால்தான்.

பர்மிட்டின் ஆயுள் ஐந்து ஆண்டுகள். முடிவதற்குக் குறைந்தது 15 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். பருவகால வேலைக்கும் திடீர்த் தேவைக்கும் நான்கு மாதத்துக்கு மேற்படாத தற்காலிகப் பர்மிட் கிடைக்கும்.

ஆணையத்தின் அனுமதி இல்லாமல் பர்மிட்டைக் கைமாற்ற முடியாது. உரிமையாளர் இறந்துவிட்டால் வண்டியைப் பெறும் வாரிசு அதே பர்மிட்டில் மூன்று மாதம் ஓட்டலாம். ஆனால் இறப்பையும் பர்மிட்டைப் பயன்படுத்தும் விருப்பத்தையும் 30 நாளுக்குள் ஆணையத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும். கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும் ஒற்றை லாரிக் குடும்பத்தில் துக்கத்துக்கு நடுவே இந்த ஒரு மாதம் கண்மூடித் திறப்பதற்குள் கழிந்துவிடும். இந்த விதியைச் சங்கங்களும் அக்கம்பக்கத்து லாரிக்காரர்களும்தான் அந்தக் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

பர்மிட்டை வேறு தாள்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இ-வே பில் சரக்குக்கு உரியது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு அனுப்பினால் அது தேவை. மணல், ஜல்லி போன்றவற்றுக்குக் கனிமவளத் துறையின் நடைச்சீட்டு வேண்டும். இவற்றில் எது கையில் இருந்தாலும் பர்மிட் இல்லாத குறை தீராது.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பர்மிட் இல்லாமல் ஓட்டினால் முதல் முறையே ஆறு மாதம் வரை சிறையும் 10,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடமுண்டு. வண்டியையும் பிடித்து நிறுத்தலாம். அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவது தனிக் குற்றம். அதற்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம்.

அபராதத்தைவிடப் பெரிய இடி இன்சூரன்சில் இருக்கிறது. பர்மிட் இல்லாமல் லாரியைச் சாலையில் இறக்குவது இன்சூரன்ஸ் ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறுவது என்று 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் தீர்ப்பளித்தது. இழப்பீட்டை முதலில் நிறுவனம் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது அந்த வழக்கின் முடிவு. பிரீமியம் ஒழுங்காகக் கட்டியவரே ஆனாலும், பர்மிட் காலாவதியான ஒரே காரணத்தால் லட்சக்கணக்கான ரூபாய்க் கடன் அவர் தலையில் விழலாம். இன்சூரன்ஸ் ஆண்டுக்கு ஒருமுறை நினைவுக்கு வரும், வரி காலாண்டுக்கு ஒருமுறை வரும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் பர்மிட்தான் மறந்துபோகிறது. லாரி வைத்திருப்பவர்கள் பர்மிட்டை எடுத்து அதன் கடைசித் தேதியை இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.