ஆளுக்கேற்ற யோகம்

ஐக்கிய நாடுகள் அவை 2014 டிசம்பரில் ஜூன் 21ஆம் தேதியைப் பன்னாட்டு யோகா தினமாக அறிவித்ததிலிருந்து, தருமபுரி போன்ற மாவட்டத் தலைநகர்களிலும் மாணவரும் அலுவலரும் முதியவரும் ஒரே மைதானத்தில் வரிசையாக அமர்ந்து ஒரே பயிற்சியைச் செய்வது வழக்கமாகிவிட்டது. யோகத்தை அறிமுகப்படுத்த இந்தக் கூட்டுப் பயிற்சி உதவுகிறது. ஆனால் யோகம் என்பது அனைவருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை என்ற எண்ணத்தையும் அது வளர்த்துவிடுகிறது. இன்று உலகெங்கும் பரவியுள்ள யோகப் பாணிகள் பிறந்த கதை இந்த எண்ணத்தை மறுக்கிறது.

அப்பாணிகளுள் முக்கியமான சில, திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888-1989) என்ற ஒரே ஆசானிடமிருந்து கிளைத்தவை. மைசூர் அரண்மனையின் ஆதரவில் 1930களில் துடிப்பான சிறுவர்களுக்குக் கற்பித்தபோது, ஒவ்வோர் அசைவையும் மூச்சோடு பிணைத்து, ஓர் ஆசனத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்லும் விரைவான தொடர்களை அவர் அமைத்தார். அவற்றைக் கற்ற பட்டாபி ஜோயிஸ் பின்னாளில் 'அஷ்டாங்க வின்யாசம்' என்ற பெயரில் அவற்றைப் பரப்பினார். அதே ஆசானிடம் பயின்ற, அவருடைய மைத்துனர் பி.கே.எஸ். ஐயங்காரோ இளமையில் காசநோய் உள்ளிட்ட பல நோய்களால் நலிந்தவர். ஆதலால், ஓர் ஆசனத்தில் நெடுநேரம் நிலைத்து உறுப்புகளைத் துல்லியமாக நேர்ப்படுத்துவதையும், வளைய இயலாதவர்களுக்குப் பலகை, பட்டை, நாற்காலி ஆகியவற்றைத் துணையாகக் கொடுப்பதையும் அவர் தம் வழியாக்கிக்கொண்டார். 1950களில் சென்னைக்குக் குடிபெயர்ந்த கிருஷ்ணமாச்சாரியார், நோயுற்றவர்களையும் நடுவயதினரையும் தனித்தனியே பார்த்துப் பயிற்சி வகுக்கத் தொடங்கினார். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் இந்த வழியைப் பின்பற்றியது. பாணிகள் பலவாகப் பிரிந்ததற்கு அடிப்படை, எதிரே நின்ற மாணவர்கள் பலவாக இருந்ததே.

உடலைப் போலவே மனத்தின் இயல்பும் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதை இந்திய மரபு நெடுங்காலமாக ஏற்றுள்ளது. செயலில் நாட்டமுள்ளவருக்குக் கர்ம யோகம், உணர்ச்சி மிகுந்தவருக்குப் பக்தி யோகம், மனத்தை ஆய்ந்து அடக்க விழைபவருக்கு ராஜ யோகம், ஆராயும் அறிவினருக்கு ஞான யோகம் என நான்கு பாதைகளை விவேகானந்தர் விளக்கியதும் இந்த அடிப்படையில்தான். எனினும் இயல்புக்கு ஏற்றது என்பதும் விருப்பத்துக்கு ஏற்றது என்பதும் ஒன்றல்ல. ஓரிடத்தில் அமர முடியாத பரபரப்பான மனிதர் வேகமான தொடர்களையே விரும்பக்கூடும். அசைவில் தொடங்குவது அவருக்கு எளிது என்பதால் அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் சில மாதங்களில் நிதானமான மூச்சுப் பயிற்சிக்கும் அமைதியான இருக்கைக்கும் அவரை அழைத்துச் செல்லாத பயிற்சி, அவருடைய பரபரப்புக்குத் தீனி போட்டதாகவே முடியும். சோர்வும் தயக்கமும் உடையவருக்கோ, தனிமையில் கண்ணை மூடி அமர்வதைவிட, பிறரோடு சேர்ந்து செய்யும் உடற்பயிற்சி முதலில் உதவும்.

தருமபுரி மாவட்டத்தில் ஆளுக்கேற்பப் பயிற்சியைத் தேர்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இம்மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்னும் உப்பு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பைக் கடந்து காணப்படுகிறது. அந்நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்குப் பற்கள் கறைபடுவதோடு, எலும்பிலும் தசைநார்களிலும் அது படிந்து முதுகும் மூட்டுகளும் இறுகிவிடுவதுண்டு. காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது இக்கேட்டைத் தடுக்கத்தான் என்றாலும், முன்பே இறுகிய எலும்பை எந்த நீரும், எந்த ஆசனமும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. இத்தகையோர் முதுகை வலிந்து வளைக்கும் ஆசனங்களையும் தாவும் தொடர்களையும் விலக்கி, மருத்துவரைக் கலந்தபின், நாற்காலியில் அமர்ந்தே செய்யும் அசைவுகளையும் மூச்சுப் பயிற்சியையும் மேற்கொள்வதே பாதுகாப்பானது. நாள் முழுவதும் தரையில் அமர்ந்து புளி தட்டிக் கொட்டை நீக்கும் பெண்களுக்கும் மேலும் சம்மணமிடச் சொல்லும் வகுப்பு பயன்படாது. இடுப்பையும் முழங்காலையும் நீட்டித் தளர்த்தும் பயிற்சியே அவர்களுக்குத் தேவை.

உடலை வருத்தாத பயிற்சிக்குத் தமிழகத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி (1911-2006) வகுத்த மனவளக்கலை, கை, கால், மூச்சு, கண் எனப் படிப்படியாகச் செல்லும் எளிய உடற்பயிற்சிகளையும் தவத்தையும் இணைத்திருப்பதால், கடினமான ஆசனங்களுக்கு அஞ்சும் நடுவயதினருக்கு ஏற்ற தொடக்கமாக அமைகிறது. தமிழகத்தின் பல ஊர்களில் அதற்கான மன்றங்கள் இயங்குகின்றன.

எந்தப் பாணியாயினும், பெயரைக் காட்டிலும் ஆசிரியரையே முதலில் கவனிக்க வேண்டும். வயது, தொழில், பழைய நோய்கள், உறக்கம் ஆகியவற்றைக் கேட்டறிந்து, வலி என்று சொன்னவுடன் பயிற்சியை மாற்றித் தருபவரிடம் சேரலாம். வந்த நாளிலேயே அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்திச் சிரசாசனம் வரை செய்யச் சொல்லும் வகுப்பைத் தவிர்ப்பதே நல்லது.