முதுகு முறிந்த பறவை



திருநீர்மலையில் குடியிருக்கும் எனக்கு மாலை வேளைகளில் மலையேறுவது நெடுநாளைய வழக்கம். அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் சந்நிதி. மேலே அரங்கநாதர் சந்நிதி. மேற்படியில் நின்று வடகிழக்கே நோக்கினால் மீனம்பாக்கத்தில் இறங்கும் ஆகாய விமானங்களைக் காணலாம். தெற்கே தாம்பரத்தில் விமானப் படையின் தளம் உளது. விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கே கற்பிக்கின்ற பள்ளி 1954 முதல் அங்கே நடைபெற்று வருகிறது. கிழக்கே குரோம்பேட்டையில், 1949இல் சி. ராஜம் அவர்கள் நிறுவிய தொழில்நுட்பக் கல்லூரி. அப்துல் கலாம் விமானப் பொறியியல் பயின்றது அங்கேதான். மூன்று திசையிலும் விமானத்தின் நினைவு சூழ்ந்த மலை இது.

ஒரு நாள் என் பழைய மாணவன் ஒருவன் உடன் வந்தான். வானத்தைப் பார்த்துக்கொண்டே, “ஐயா, பெர்லினிலிருந்து நியூயார்க் வரை நில்லாமல் பறந்த ஜெர்மானிய விமானம் ஒன்று, பின்னாளில் தரையில் இறங்கும்போதே முதுகு முறிந்து விழுந்ததாகப் படித்தேன். அவ்வளவு தூரம் பறக்க வல்லது இறங்க வலுவற்றுப் போகுமோ?” என்று வினவினான். நல்ல வினா. அதற்கு அன்று கூறிய விடையையே சற்று விரித்து இன்று உங்களுக்குக் கூறப் போகின்றேன்.

அவ்விமானத்தின் பெயர் ஃபோக்கே-வுல்ஃப் 200. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் சிறகை அசையாது விரித்து மிதக்கும் பெருங்கழுகின் பெயரால் அதனைக் ‘காண்டோர்’ என்று அழைத்தனர். அதனை வகுத்தவர் குர்ட் டாங்க் என்னும் பொறியாளர். லுஃப்ட்ஹன்சா நிறுவனத்துக்காக 1936இல் திட்டமிடப்பெற்று, 1937இல் அது முதன்முதலாகப் பறந்தது. நான்கு இயந்திரங்கள், முழுதும் உலோகத்தாலாகிய உடல், ஏறக்குறைய 33 மீட்டர் அகலம் விரிந்த சிறகுகள், 26 பயணிகளுக்கு இருக்கை. 1938 ஆகஸ்டில் அது பெர்லினிலிருந்து புறப்பட்டு, அட்லாண்டிக் மாகடலைக் கடந்து, சுமார் 25 மணி நேரத்தில் நியூயார்க்கை அடைந்தது. திரும்பும்போது காற்றின் துணையால் 20 மணி நேரமே பிடித்தது. அவ்வாண்டு நவம்பரில் டோக்கியோவுக்குச் சென்றது. பாஸ்ரா, கராச்சி, ஹனோய் ஆகிய ஊர்களில் மட்டுமே தங்கி, 46 மணி நேரத்தில் சென்று சேர்ந்தது. கராச்சி அப்போது பிரிவுபடாத இந்தியாவின் நகரம். ஆகவே நம் மண்ணும் அப்பறவையின் காலடியைக் கண்டதுண்டு.

இங்கே ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். நெடுந்தூரம் பறப்பது வேறு; பெரும்பாரமும் அதிர்ச்சியும் தாங்குவது வேறு. காண்டோர் முன்னதற்காகவே பிறந்தது. பயணிகள் விமானம் உயரத்தில், சீரான காற்றில், நேர்வழியில் செல்லும். அதன் உடலைத் தேவைக்கு மேல் தடிப்பாக அமைத்தால் எடை கூடும்; எடை கூடினால் எரிபொருள் வீணாகும். ஆதலின் டாங்க் அதனைத் தன் பணிக்குப் போதுமான வலிமையோடு, இலேசாக அமைத்தார். அது குற்றமன்று, அத்தொழிலின் இலக்கணமே அதுதான்.

குற்றம் பிறந்தது பின்னால். டோக்கியோவில் அதனைக் கண்ட ஜப்பானியக் கடற்படை, கடலைக் கண்காணிக்கும் வடிவம் ஒன்று வேண்டுமெனக் கேட்டது. அந்த விமானம் ஜப்பானுக்குப் போய்ச் சேரவே இல்லை. 1939இல் போர் மூண்டபோது ஜெர்மனியிடம் நெடுந்தூரக் கடற்காவல் விமானம் வேறில்லை. எனவே காண்டோரின் வயிற்றில் குண்டறையும், சிறகின் கீழே வெடிகுண்டுகளும், உடலில் துப்பாக்கி மேடைகளும் பொருத்தப்பெற்றன. 1940 ஏப்ரலில் நார்வேப் படையெடுப்பின்போது சில காண்டோர்கள் துருப்புகளையும் சரக்கையும் சுமந்தன. அதன்பின் பிரான்சின் போர்தோ நகரிலிருந்து புறப்பட்டு அட்லாண்டிக்கில் பிரிட்டிஷ் கப்பல்களை வேட்டையாடின. 1940 அக்டோபரில் ‘எம்ப்ரஸ் ஆப் பிரிட்டன்’ என்னும் 42,000 டன் கப்பலைத் தீக்கிரையாக்கியது ஒரு காண்டோர். இரண்டு நாள் கழித்து நீர்மூழ்கி ஒன்று அதனை மூழ்கடித்தது. புதிய வடிவங்களின் எடை 22 டன்னையும் கடந்தது.

இனி, முதுகு முறிந்த காரணத்தைப் பார்ப்போம். இரு முனையிலும் குடம் தொங்கும் காவடியைத் தோளில் வைத்து நடப்பவனைக் கண்டிருப்பீர்கள். சமதரையில் நடக்கும்போது தண்டு மெல்ல வளைகிறது. அவன் திடீரென ஒரு பள்ளத்தில் காலை வைத்தால் குடங்கள் வேகமாகக் கீழே இழுக்கின்றன. தண்டு தோளருகே ‘படீர்’ என முறிகிறது. குடத்தின் எடை கூடவில்லை. அதிர்ச்சியே அதனைப் பெருக்கியது. விமானத்தில் சிறகுக்கு அடியிலுள்ள சக்கரங்களே தோள். அதற்குப் பின்னே நீண்டு செல்லும் உடலே காவடித் தண்டு. தரையைத் தொட்டவுடன் சக்கரம் நின்றுவிடுகிறது. பின்னுடலோ இறங்கிய வேகத்திலேயே கீழே செல்ல முயல்கிறது. பாரம் மிகுந்த காண்டோர்கள் பல, சிறகுக்குப் பின்னே உடல் முறிந்து ஓடுபாதையிலேயே கிடந்தன.

வானத்திலும் இதே கணக்குத்தான். நேராகப் பறக்கும் விமானத்தின் சிறகு அதன் எடையை மட்டுமே தாங்கும். 60 பாகை சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்பும்போதோ, எடையைப் போல் இருமடங்கைத் தாங்க வேண்டும். கடல்மட்டத்துக்கு அருகே தாழப் பறந்து, பகைவரின் சுடுகணைக்கு ஒதுங்கித் திரும்பித் திரும்பிச் செல்வது பயணிகள் விமானத்துக்கு எண்ணப்படாத தொழில். உறுப்புகளை ஆங்காங்கே தடித்து வலுவூட்டியும் அடிப்படைக் குறை முற்றும் நீங்கவில்லை.

இதற்கு எதிர்ச்சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் டிசி-3 விமானமும் பயணிகளுக்காகவே 1935இல் பறக்கத் தொடங்கியது. போருக்கு அதனை மாற்றியபோது தளத்தை வலுப்படுத்தினர். பக்கத்தில் அகன்ற கதவு வைத்தனர். தொழிலோ பாரம் சுமப்பது என்ற அளவிலேயே நின்றது. அதன் சிறகும் முதலிலேயே மிக உறுதியாக அமைக்கப்பெற்றது. அதுவே நாம் அறிந்த டக்கோட்டா. பத்தாயிரத்துக்கு மேற்பட்டவை கட்டப்பெற்றன. 1947 அக்டோபர் 27ஆம் நாள் நம் வீரர்களை ஸ்ரீநகரில் கொண்டு இறக்கியவையும் டக்கோட்டாக்களே. 1949 முதல் சென்னை, பம்பாய், கல்கத்தா, தில்லி ஆகிய நகரங்களின் கடிதங்களை இரவோடிரவாக நாகபுரியில் ஒன்றுகூடி மாற்றிக்கொண்டு சென்றவையும் அவையே. மாற்றம் என்பது தவறன்று. பொருளின் இயல்பை அறியாத மாற்றமே தவறு.

காண்டோருக்கு மேலும் ஒரு சோதனை வந்தது. 1942 நவம்பரில் ஸ்டாலின்கிராடில் ஜெர்மனியின் ஆறாம் படை முற்றுகையில் சிக்கியது. வான்வழியே உணவும் மருந்தும் அளிப்பதாகக் கோரிங் வாக்களித்தார். நாளொன்றுக்கு 300 டன்னாவது வேண்டும். சென்று சேர்ந்ததோ சராசரி 100 டன் அளவே. மூன்று இயந்திரமுள்ள யுங்கர்ஸ் 52 விமானங்கள் போதாமையால் 1943 ஜனவரியில் காண்டோர்களும் அப்பனியில் அனுப்பப்பெற்றன. பயன் என்ன? பிப்ரவரி 2ஆம் நாள் எல்லாம் முடிந்தது. சிறைப்பட்டோர் சுமார் 91,000 பேர். அவர்களுள் பின்னர் வீடு திரும்பியோர் 6,000 பேர் அளவே. செய்ய இயலாத கணக்கைச் செய்ய இயலும் என்று மேலிடத்தில் ஒருவர் சொன்னார்; அதன் விலையைப் பசியாலும் குளிராலும் சாதாரணச் சிப்பாய் செலுத்தினான். எண்களைப் பொய்யாகச் சொல்லுதல் இத்துணைக் கொடிதோ என்று நான் பலகால் எண்ணியதுண்டு.

கதை இத்துடன் முடியவில்லை. நம் நாட்டுக்கே வருகிறது. போருக்குப் பின் அர்ஜென்டினாவில் சில ஆண்டுகள் பணியாற்றிய டாங்க், 1956இல் இந்தியா வந்தார். பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் நம் பொறியாளர்களோடு சேர்ந்து எச்.எஃப்.-24 என்னும் போர் விமானத்தை வகுத்தார். ‘மாருத்’ என்பது அதன் பெயர். காற்றுத் தேவரின் பெயர் அது. முதலில் மரத்தால் ஆன இயந்திரமற்ற மிதவை விமானம் ஒன்றைச் செய்து, 1959இல் ஒரு டக்கோட்டாவினால் வானுக்கு இழுத்துச் சென்று சோதித்தனர். எண்ணியதை முதலில் சோதித்தறிதல் என்னும் அப்பொறுமையை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1961 ஜூனில் சுரஞ்சன் தாஸ் அவர்கள் மாருத்தை முதன்முதலாகப் பறக்கவிட்டார்.

ஈங்கு ஒரு விந்தை. காண்டோரில் உடல் போதவில்லை. மாருத்தில் உடல் உறுதியாயிருந்தும் அதற்கேற்ற வல்லமையுள்ள இயந்திரம் கிடைக்கவில்லை. ஒலியின் வேகத்தைக் கடக்கவென வகுத்த விமானம், கிடைத்த இயந்திரத்தோடு அவ்வேகத்தை எட்டவில்லை. ஆற்றல் மிகுந்த இயந்திரம் பொருத்திய மாருத்தைச் செலுத்துகையில், 1970 ஜனவரியில் சுரஞ்சன் தாஸ் உயிர் துறந்தார். ஆயினும் 1971 போரில் அவ்விமானங்கள் பணியாற்றின. இரண்டு இயந்திரங்களுள் ஒன்று பழுதுபட்டபோதும் மற்றொன்றாலேயே தளம் திரும்பியவை உண்டு. மொத்தம் 147 கட்டப்பெற்று, 1990இல் அவை ஓய்வு பெற்றன. நம் நாட்டிலேயே வகுத்துக் கட்டிய முதல் ஜெட் போர் விமானம் என்னும் பெருமை அதற்கு என்றும் உண்டு.

என் மாணவன் இறுதியில் மற்றொன்றும் கேட்டான்: “ஐயா, அப்படியானால் பிழை யாருடையது?” நான் உடனே விடை கூறவில்லை. பயணிகளுக்கென்று ஒரு பறவையைச் செய்தவரே, அதன் வயிற்றில் குண்டு வைக்கவும் இசைந்தார். கொடுங்கோலருக்குத் தம் கைத்திறத்தை அளித்த பொறியாளருக்கும் அப்பழியில் பங்கு இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். அதே கைத்திறம் பின்னாளில் நம் இளைஞர்க்குப் பயிற்சியாயிற்று என்பதையும் மறைக்க மாட்டேன். இரண்டும் உண்மையே.

ஆகவே, நாளை பொறியாளராகப் போகும் நீங்கள் ஒவ்வொரு கருவியையும் கையில் எடுக்கும்போது இரண்டு வினாக்களைக் கேளுங்கள். இது எவ்வளவு தாங்கும்? இது எதற்காக? முதல் வினாவுக்குக் கணிதம் விடை தரும். இரண்டாம் வினாவுக்கு நீங்களே விடை தர வேண்டும்.