கொடைமடமும் காட்டுயிர்ச் சட்டமும்

உண்ணுமுன் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைப்பதும், முற்றத்தில் குருவிக்கு நொய்யரிசி இறைப்பதும் தமிழர் இல்லங்களில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கங்கள். உள்ளதைப் பகிர்ந்துண்டு பிற உயிர்களைப் பேணுவதை அறங்களுள் தலையாயதாகத் திருவள்ளுவர் கொல்லாமை அதிகாரத்தில் வைத்ததும் ஆசிரியர் யாவரும் அறிந்ததே. அங்ஙனமிருக்க, சிங்கப்பூரில் காட்டுயிர்க்கு உணவிடுதல் குற்றம் எனச் சட்டம் விதிப்பது அறத்திற்கு முரணன்றோ என்னும் ஐயம் எழுதல் இயல்பு. சட்டம் கூறுவது யாது, அதற்குக் காரணம் யாது என்பவற்றை நோக்கின் அவ்வையம் நீங்கும்.

1965ஆம் ஆண்டின் காட்டு விலங்குகள், பறவைகள் சட்டம், அவற்றைக் கொல்லுதல், பிடித்தல், வைத்திருத்தல் ஆகியவற்றையே பெரிதும் கருதியது. உணவிடுதல் பற்றிய தடைகள் பிற விதிகளில் சிதறிக் கிடந்தன. புறாவுக்கு இரை போடுவோர்க்கு ஒரு விதியின்படி 500 வெள்ளி வரை தண்டம் இருந்தது. குரங்குக்கு உணவிடுதலோ பூங்காக்களிலும் இயற்கைக் காப்பகங்களிலும் மட்டுமே தடுக்கப்பட்டிருந்தது. எல்லைக்கு வெளியே சாலையோரத்தில் பழம் கொடுப்பவரைத் தடுக்க வழியில்லை.

இக்குறையைப் போக்க, நாடாளுமன்ற உறுப்பினர் லூயிஸ் இங் கொணர்ந்த தனி உறுப்பினர் மசோதா 2020 மார்ச் 25இல் நிறைவேறிற்று. அவ்வாண்டு சூன் 1 முதல் பழைய சட்டம் திருத்தம் பெற்று, காட்டுயிர்ச் சட்டம் என்னும் புதுப்பெயருடன் நடைமுறைக்கு வந்தது. இசைவின்றி, வேண்டுமென்றே காட்டுயிர்க்கு உணவிடுதல் இதனால் தீவு முழுவதும் குற்றமாயிற்று. முதன்முறை 5,000 வெள்ளி வரையிலும், மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரையிலும் தண்டம் விதிக்கப்படலாம். நாய், பூனை, ஆடு, மாடு, கோழி முதலிய வளர்ப்புயிர்கள் இதில் அடங்கா. குரங்கும் காட்டுப்பன்றியும் மட்டுமன்றிக் காகமும் புறாவும் அடங்கும். ஆகவே, தடை பூங்காவோடு நில்லாமல் வீட்டுச் சன்னல் வரை வருகிறது.

இனிக் காரணத்தைக் காண்போம். மாடப்புறா ஓர் ஈட்டில் பெரும்பாலும் இரண்டு முட்டைகளே இடும். எனினும், ஏறத்தாழ 18 நாளில் குஞ்சு பொரித்துவிடும். தாயும் தந்தையும் தம் தொண்டைப்பையில் சுரக்கும் பால் போன்ற உணவை ஊட்டிக் குஞ்சை வளர்க்கும். ஆதலின் இரை குறையாதவரை ஆண்டு முழுவதும் இனம் பெருகும். நாள்தோறும் ஒருவர் இறைக்கும் அரிசி சில பறவைகளின் பசியைத் தணிப்பதோடு நிற்பதில்லை, பெருங்கூட்டத்தையே உண்டாக்குகிறது. அதன் எச்சம் அண்டை வீட்டார் உலர்த்திய துணிமேல் விழுகிறது.

குரங்கின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. நீண்டவால் குரங்கு காட்டுக்கனிகளைத் தின்று விதைகளைப் பரப்பும் உயிர். மனிதர் கையிலிருந்து எளிதாக உணவு கிடைக்கப் பழகியபின், அது நெகிழிப்பையைக் கண்டாலே உணவெனக் கருதிப் பறிக்க முற்படுகிறது. உணவு தந்தவர் ஒருவர், அச்சுறுத்தப்படுபவர் மற்றொருவர். முடிவில் தொல்லை தரும் விலங்கெனப் பிடிக்கப்பட்டு அது உயிரிழக்க நேர்வதும் உண்டு.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைக் கொடைமடம் உடையவன் எனப் பரணர் போற்றினார். பெறும் உயிருக்கு அது பயன்படுமா என எண்ணாமல் ஈயும் பேரன்பே கொடைமடம். பேகன் தந்த போர்வையால் மயிலுக்குத் தீங்கு நேரவில்லை. இன்று குரங்குக்கு நீட்டும் ரொட்டித் துண்டோ அதன் உயிருக்கே கேடாகிறது. உணவிடுதல் வேறு, உயிரைப் பேணுதல் வேறு என்பது இதனால் விளங்கும்.

ஈரநெஞ்சம் உடையார் செய்யத்தக்கன பல உள. குப்பைத் தொட்டியை இறுக மூடலாம். உணவங்காடியில் மிச்சத்தை மேசைமேல் விடாது எடுக்கலாம். வீட்டருகே செம்பருத்தியும் வெட்சியும் நடலாம். அப்பூக்களைத் தேடித் தேன்சிட்டு தானே வரும். உண்டு தானே பறந்து செல்லும். பிற உயிரைப் பேணும் அறத்தை வகுப்பில் விளக்கும் ஆசிரியர், இவ்வேறுபாட்டையும் மாணவர்க்கு உடன் உணர்த்துதல் நன்று.