அரிப்பு: ஒரு சொல்லும் ஒரு பம்பும்

கிந்தா பள்ளத்தாக்கில் நம்மவர் 'ஈய லம்பம்' என்று வழங்கிய சுரங்கங்களில், பீறிடும் நீர்த்தாரை மண்ணைக் கரைக்கும். கரைந்த மணற்குழம்பை மையவிலக்குப் பம்பு உறிஞ்சி, உயரத்தில் நிற்கும் பாலோங் என்னும் மரவாய்க்காலுக்கு ஏற்றும். அப்பம்பின் உட்புறம் விரைவில் மெலிந்து ஓட்டையாகும். இதற்குக் காரணம் கேட்டால் மாணவர் 'அரிப்பு' என்பர். விடை சரியா என்பது அச்சொல்லால் அவர் எதைக் கருதுகிறார் என்பதைப் பொறுத்தது.

மலாயில் இக்குழப்பம் இல்லை. நீரும் மணலும் தேய்ப்பது ஹகிசான். வேதிவினையால் உலோகம் கெடுவது ககிசான். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லை எழுதுகிறோம். துருவுக்கு மருந்து வண்ணப்பூச்சு. மணலின் முன் அப்பூச்சு சில நாள்கூட நில்லாது.

பம்பினுள் நடப்பதைப் பார்ப்போம். அச்சின் திசையில் நுழையும் நீர், இம்பெல்லர் எனப்படும் சுழல்சக்கரத்தில் செங்குத்தாகத் திரும்பி வெளிநோக்கி ஓடுகிறது. நுண்மணல் நீரோடு சேர்ந்தே திரும்பிவிடும். பருமணலோ, பேருந்து வளைவில் திரும்புகையில் நிற்பவர் வெளிப்புறம் சாய்வதைப் போல, பழைய திசையிலேயே சென்று சக்கரத்தின் பின்தகட்டிலும் இதழ்களின் முனையிலும் மோதும். பின்னர் நத்தையோடு போன்ற உறையின் சுவரை உராய்ந்தவாறு ஓடும். வெளியேறும் வாயருகே உள்ள 'நாக்கு' என்னும் கூர்விளிம்பும் பெரிதும் அடிபடும்.

தேய்வு வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. ஏறத்தாழ அதன் இருமடிக்கும் மும்மடிக்கும் இடைப்பட்டு ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் தேய்வு 4 முதல் 8 மடங்காகும். ஆகவேதான் இவ்வகைப் பம்புகளில் பெரிய சக்கரத்தை மெதுவாகச் சுழற்றுகின்றனர். மோதும் கோணமும் முக்கியம். மென்மையான எஃகு 20 முதல் 30 பாகைச் சாய்வில் மிகுதியாகச் செதுக்கப்படும். நொறுங்கும் தன்மையுள்ள பொருள் நேர்மோதலில் மிகுதியாக உடையும். நுண்மணலுக்கு ரப்பர் உள்ளுறை பொருந்தும். கூர்ங்கற்கள் அதைக் கிழித்துவிடும் என்பதால் அங்குக் குரோமியம் மிகுந்த வார்ப்பிரும்பு வேண்டும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். கறையான் மரத்தை அரிக்கிறது. ஆறு கரையை அரிக்கிறது. தாய் அரிசியை நீரிலிட்டு அரித்துக் கல்லைப் பிரிக்கிறாள். டூலாங் ஏந்திய பெண்கள் ஈயமணலைப் பிரித்ததும் இந்த அரித்தலே. இத்தனை வளமான வினைச்சொல்லைக் கைவிடச் சொல்பவன் அல்லன் நான். 'மண்ணரிப்பு' வேரூன்றிவிட்டதால், அரிப்பை ஹகிசானுக்கு வைத்துக்கொண்டு, வழக்கிலுள்ள 'அரிமானம்' என்பதை ககிசானுக்கு ஒதுக்கலாம். 'தேய்மானம்' வேண்டாம், அது கணக்கியலார் கைக்குப் போய்விட்டது.

ஒரே பம்பில் இரண்டும் கூடுவதுண்டு. உலோகத்தின் மேலுள்ள காப்புப் படலத்தை மணல் சுரண்ட, வெளிப்பட்ட பரப்பை அமிலநீர் தின்னும்; புதிதாய்ப் படியும் படலத்தை மணல் மீண்டும் சுரண்டும். இதனை 'அரிப்பும் அரிப்பும் சேர்ந்தது' என்று வகுப்பில் விளக்க இயலுமா?