ஒயில் கசிவை அடைக்குமுன் எஞ்சினின் மூச்சைப் பாருங்கள்

இடம்பெயர்ந்து வாழும் குடும்பமொன்றிடம், அல்லது மீளக்குடியமர்ந்த குடும்பமொன்றிடம், பழைய கார் ஒன்று எஞ்சியிருக்குமானால் அது பெரும்பாலும் உழைக்கும் காராகவே இருக்கும். சந்தைக்கு மரக்கறி ஏற்றுவதும், நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வதும், இடையிடையே ஹயர் ஓடுவதும் அதன் வேலை. அத்தகைய காரின் அடியில் ஒயில் சொட்டத் தொடங்கினால் குடும்பம் முழுவதுக்கும் கவலை. "சீல் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்" என்று யாராவது சொன்னதும் நகையை அடைவு வைக்கும் பேச்சு எழுகிறது.

சீலும் கஸ்கட்டும் மாற்றிய பின்னர் இரண்டு கிழமைக்குள் அதே இடத்தில் மீண்டும் ஒயில் கசிவதும் உண்டு. பல வேளைகளில் நோய் கஸ்கட்டில் இருப்பதில்லை. எஞ்சினின் உள்ளே கிராங் தண்டு சுழலும் அறையில் தேங்கும் அமுக்கமே ஒயிலை வெளியே தள்ளுகிறது. எனவே செலவில்லாத சோதனைகளை முதலிலும் செலவானவற்றைக் கடைசியிலும் செய்ய வேண்டும். அந்த ஒழுங்கை இங்கே தருகிறோம். எமது பகுதிகளில் இன்னும் காணப்படும் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் போன்ற கார்களை மனதிற்கொண்டே எழுதுகிறோம்.

அமுக்கம் எங்கிருந்து வருகிறது?

பிஸ்ரனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியை றிங்குகள் அடைக்கின்றன. புதிய எஞ்சினிலும் அவை முற்றாக அடைப்பதில்லை. எரிபொருள் எரியும் ஒவ்வொரு தடவையும் சிறிதளவு வாயு றிங்குகளைத் தாண்டிக் கீழே கிராங் அறைக்குள் இறங்கும். அது வெளியேற ஒரு வழி வேண்டும். பழைய மொறிஸ் மைனரில் எஞ்சினின் பக்க மூடியிலிருந்து ஒரு குழாய் கீழ்நோக்கித் தொங்குகிறது. கார் ஓடும்போது அடியிற் செல்லும் காற்று அக்குழாயினூடாக வாயுவை இழுத்தெடுக்கும். ஒயில் ஊற்றும் மூடியிலுள்ள சிறு துவாரங்களும் வலையும் சுத்தமான காற்றை உள்ளே விடுகின்றன. இதுவே எஞ்சினின் மூச்சு.

மூச்சுக்குழாய் அடைபட்டாலோ, றிங்குகள் தேய்ந்து அளவுக்கு மிஞ்சிய வாயு இறங்கினாலோ, உள்ளே அமுக்கம் கூடும். அப்போது பக்க மூடி, மேல்மூடி, முன்பக்கச் செயின் மூடி, ஒயில் பார்க்கும் கம்பியின் துவாரம் என எங்கே பலவீனமோ அங்கே ஒயில் வெளிவரும். ஓரிடத்தை அடைத்தால் இன்னோரிடத்தில் வரும்.

இங்கே ஒரு விடயத்தைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். மேற்கூறிய கார்களின் எஞ்சினில் கிராங் தண்டின் பின்முனையில் றப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டப்பட்ட திருகுப் புரி, வெளியேற வரும் ஒயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. அமுக்கம் கூடினால் அப்புரி தோற்றுவிடும். ஒயில் கிளச் கூட்டுக்குள் இறங்கும். ஆகவே "பின் சீல் மாற்ற வேண்டும்" என்று யாராவது சொன்னால், எந்தச் சீல் என்று பொறுமையாகக் கேளுங்கள்.

எமது கார்களுக்கு நேர்ந்தவை

1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்ட பின்னர் வடக்கில் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. பழைய கார்கள் சில துளி பெற்றோலில் இயக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. அக்காலத்தைக் கடக்க அது உதவியது. ஆனால் முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, அங்குள்ள ஒயிலையும் தண்ணீர்போல் ஆக்கும். றிங்கும் சிலிண்டரும் விரைவில் தேயும். அந்த ஆண்டுகளைக் கடந்த எஞ்சின் பின்னர் திருத்தப்படாதிருந்தால் அதன் தேய்வு இன்றும் அதிலேயே இருக்கும்.

1995ஆம் ஆண்டின் வலிகாமம் இடப்பெயர்வு முதல் 2009ஆம் ஆண்டு வரை பல வண்டிகள் நெடுங்காலம் ஓடாமல் நின்றன. நின்ற எஞ்சினில் றிங்குகள் கரியோடு ஒட்டிப்போகும். தொங்கும் மூச்சுக்குழாயில் குளவி மண்கூடு கட்டும். இரண்டும் அமுக்கத்தைக் கூட்டுவன.

சோதிக்கும் ஒழுங்கு

முதலாவது: கழுவுங்கள். குளிர்ந்த எஞ்சினின் அடிப்பகுதியைச் சவர்க்காரத் தூள் நீரால் கழுவி நன்கு காயவிடுங்கள். சந்தேகமான இடங்களில் முகப்பவுடர் தூவி, சிறிது தூரம் ஓடிப் பாருங்கள். முதலில் நனையும் இடமே ஊற்று. இரவில் அடியில் ஒரு மட்டையை விரித்து வையுங்கள். ஓடாமல் நிற்கும்போதும் ஒரேயளவாகச் சொட்டினால் வடிக்கும் ஆணி, சம்ப் கஸ்கட் போன்றவற்றில் குறை இருக்கலாம். ஓடும்போது மட்டும் கூடுமானால் அமுக்கத்தைச் சந்தேகிக்கலாம்.

இரண்டாவது: ஒயிலைப் பாருங்கள். சமதரையில் நிறுத்திக் கம்பியை இழுத்துப் பாருங்கள். மேற்கோட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. கசிகிறதே என்று கூடுதலாக ஊற்றினால் கசிவு கூடும். நீங்கள் ஊற்றாமலே மட்டம் உயர்ந்திருந்தால் பெற்றோல் பம்பின் சவ்வு கிழிந்து பெற்றோல் இறங்கியிருக்கலாம், மணந்தால் தெரியும். பால் தேநீர் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்துள்ளது; ஹெட் கஸ்கட்டைப் பார்க்க வேண்டும். இரண்டிலும் அந்த ஒயிலோடு காரை ஓட்ட வேண்டாம்.

மூன்றாவது: மூடிச் சோதனை. எஞ்சின் சூடாகி மெதுவாக ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் துவாரத்தின்மேல் தலைகீழாகச் சும்மா வையுங்கள். விசிறிக்குக் கையும் சேலைத்தலைப்பும் படாமற் பார்த்துக்கொள்ளுங்கள். மூடி சற்றே ஆடினால் பயமில்லை. தூக்கி எறியப்பட்டாலோ புகை விடாமல் வந்தாலோ உள்ளே அமுக்கம் உண்டு.

நான்காவது: மூச்சுவழியைத் துப்புரவு செய்யுங்கள். பக்க மூடியின் குழாயைக் கழற்றிக் கம்பியால் குத்தி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவுங்கள். சைக்கிள் பம்பால் காற்றடித்துப் பாருங்கள். ஒயில் ஊற்றும் மூடியின் வலையையும் அவ்வாறே கழுவிக் காயவைத்துப் பூட்டுங்கள். குழாய் சொட்டுகிறது, மணக்கிறது என்று முன்னர் யாராவது துணியால் அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். துவாரமில்லாத வேறொரு காரின் மூடி போடப்பட்டிருந்தால் மாற்றுங்கள். 1960களின் நடுப்பகுதிக்குப் பிந்திய சில எஞ்சின்களில் இவ்வாயு ஒரு சிறு வால்வினூடாக எஞ்சினுக்குள்ளேயே இழுக்கப்படும். அவற்றில் வால்வின் சவ்வையும் இணைக்கும் றப்பர் குழாயையும் பார்க்க வேண்டும்.

இனி மூடிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அமுக்கம் தணிந்திருந்தால் வேலை முடிந்தது. தணியாவிட்டால் ஐந்தாவது படிக்குச் செல்லுங்கள்.

ஐந்தாவது: சிலிண்டர்களைத் தனித்தனியே சோதியுங்கள். கராஜில் அமுக்கமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஸ்ராற்றிங் ஹான்டில் போதும். சுவிச்சை நிறுத்தி, கியரை நடுவில் விட்டு, கைப்பிறேக்கைப் போடுங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் பிளக்கை விட்டு மற்ற மூன்றையும் கழற்றி, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பெருவிரலை மற்ற விரல்களின் பக்கத்திலேயே வைத்து, கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரேயளவு எதிர்க்க வேண்டும்.

ஒன்று தளர்ந்திருந்தால் அதன் பிளக் துவாரத்தால் இரண்டு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்பச் சுற்றுங்கள். எதிர்ப்புக் கூடினால் குறை றிங்கில் அல்லது சிலிண்டரில். கூடாவிட்டால் வால்வைச் சந்தேகியுங்கள். அடுத்தடுத்த இரண்டும் தளர்ந்திருந்தால் இடையில் ஹெட் கஸ்கட் எரிந்திருக்கலாம். வால்வும் ஹெட் கஸ்கட்டும் எஞ்சினை இறக்காமலே செய்யக்கூடிய வேலைகள். ஆனால் கிராங் அறையின் அமுக்கம் பெரும்பாலும் றிங்கினாலேயே வருவதால், வால்வைத் திருத்தினால் கசிவு நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

நெடுங்காலம் நின்ற காரானால் றிங் தேயாமல் ஒட்டியிருக்கவும் கூடும். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது மெல்லிய ஒயில் விட்டு ஓரிரு நாட்கள் ஊறவிடுங்கள். பிறகு பிளக்குகள் இல்லாமற் கையால் பல தடவை சுற்றி, பழைய ஒயிலை மாற்றி, சில கிழமைகள் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சில எஞ்சின்கள் இவ்வாறு தேறுவதுண்டு.

இவற்றின் பின்னரே கஸ்கட்

அமுக்கம் தணிந்த பின்னர் போடும் கஸ்கட்டே நிலைக்கும். பக்க மூடியும் மேல்மூடியும் தக்கை கஸ்கட்டில் அமர்பவை. ஆணியை இறுக்க இறுக்கத் தகடு வளைந்து கசிவு கூடும். தகட்டை நேராக்கி, பழைய தக்கையைச் சுரண்டியெடுத்து, புதியதை வைத்து அளவாக இறுக்குங்கள்.

கிளச் கூட்டின் அடியில் ஒரு துவாரமும், மொறிஸ் மைனரில் அதற்குள் ஆடும் ஸ்பிளிற் பின்னும் உண்டு. உள்ளே இறங்கிய ஒயில் வடிவதற்காகவே அது இருக்கிறது. அதை அடைத்தால் ஒயில் கிளச்சில் ஏறும். நின்ற இடத்தில் சில துளிகள் சொட்டுவது இந்த எஞ்சின்களின் இயல்பு.

எப்போது பெரிய செலவு?

ஒரு கொப்பியில் ஊற்றிய ஒயிலையும் ஓடிய தூரத்தையும் இரண்டு மாதம் எழுதுங்கள். அந்த ஒயிலின் விலையை எஞ்சின் வேலைக்குக் கேட்கும் தொகையோடு ஒப்பிடுங்கள். கடன் வட்டியைவிட ஒயில் செலவு குறைவாயின் ஊற்றி ஓட்டுவதே புத்தி. ஆனால் சூடான எஞ்சினில் ஒயில் விளக்கு மினுங்கினாலோ, உள்ளே தட்டும் சத்தம் கேட்டாலோ, கிளச் வழுக்கினாலோ, சூடான புகைக்குழாயில் ஒயில் விழுந்தாலோ தாமதிக்க வேண்டாம். கடைசியாகச் சொன்னது தீப்பிடிக்கக்கூடியது.

வேலைக்கு இணங்குமுன் சிலிண்டரின் தேய்வை உங்கள் முன் அளந்து காட்டச் சொல்லுங்கள். மேல்விளிம்பில் படியாகத் தேய்ந்த சிலிண்டரில் புதிய றிங் மட்டும் போட்டால், மேல் றிங் அப்படியில் மோதி உடையலாம். அத்தகைய எஞ்சினைக் கடைந்து புதிய பிஸ்ரன் போடுவதே முறை. அரைகுறை வேலைக்கு இருமுறை காசு கொடுக்க நேரும்.

இரு சக்கர உழவு இயந்திரத்துக்கும் தோட்டத்தில் நீர் இறைக்கும் இயந்திரத்துக்கும் இதே மூச்சுவழி உண்டு. சேறும் வைக்கோல் தூசியும் அதை விரைவில் அடைக்கும். ஒயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அதையும் கழுவிவிடுங்கள். கழித்த ஒயிலை வளவில் ஊற்ற வேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் ஊற்றியது கிணற்றை அடையும். போத்தலில் சேர்த்து, பழைய ஒயில் வாங்கும் கராஜில் கொடுத்துவிடுங்கள்.

நான்கு படிகள்வரை தேவைப்படுவது ஒரு ஸ்பனர், கொஞ்ச மண்ணெண்ணெய், ஒரு நாள் உழைப்பு. நகைப்பெட்டியைத் திறக்குமுன் அந்த ஒரு நாளைச் செலவிடுங்கள்.