ஏற்றம் ஓடப் பழகலாம்... இறக்கத்தில் உஷார்!

கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போன ஊர். காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் 'மேட்டிலும் கொஞ்சம் ஓடிப் பாருங்களேன்' என்றால் போதும், "மலைக்கு எங்க சார் போறது? கண்ணுக்கு எட்டுற வரைக்கும் கரிசக்காடுதான்" என்று சிரிப்பார்கள்.

ஏன், ஊருக்குள்ளேயே கதிரேசன் மலை இருக்கிறதே! இருபது கிலோமீட்டர் தள்ளிக் கழுகுமலை. அதெல்லாம்கூட வேண்டாம், புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்குக் கண்மாய்க்கரை ஏற்றமே தாராளம்.

மேட்டில் ஓடும்போது உடம்பு எடையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறோம். கெண்டைக்கால், பின்தொடை, இடுப்புத் தசைகள் பலப்படும். வேகமே இல்லாமல் இதயத்துக்கு நல்ல வேலை கிடைக்கும். நியூஸிலாந்து பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டு தன் வீரர்களை மலைமேடுகளில் ஓடவிட்டே தயார் செய்தார். அவரிடம் பழகிய பீட்டர் ஸ்னெல், 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரிலும், 1964 டோக்கியோவில் 800, 1500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார்.

"நமக்குத் தங்கம் வேணாம், மாடிப்படி ஏறினா இளைக்காம இருந்தாப் போதும்" என்கிறீர்களா? சரி. சமதரையில் இருபது நிமிடம் நிற்காமல் ஓட வந்த பிறகே மேட்டுக்குப் போங்கள். அதுவரை நடந்தே ஏறலாம், தப்பில்லை. வாரத்துக்கு ஒரு நாள், அரை நிமிட ஏற்றம், நாலு தடவை. அடியைக் குறுக்கி வையுங்கள். வேகத்தை மறந்துவிடுங்கள். பக்கத்தில் வருகிறவரிடம் இரண்டு வார்த்தைகூடப் பேச முடியவில்லையா? நடக்க ஆரம்பித்துவிடுங்கள்.

விஷயமே இறக்கத்தில்தான். ஏறும்போது மூச்சு வாங்கும்; இறங்கும்போது தசை அடி வாங்கும்! முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போடுவதால், அதன் இழைகளில் நுண்ணிய சிதைவு உண்டாகிறது. வலி உடனே தெரியாது. "அன்னிக்கு நல்லாத்தானே இருந்தேன், இப்ப படி இறங்க முடியலையே!" என்ற புலம்பல் இரண்டாம் நாள்தான் வரும். முழங்கால் மூட்டிலும் பாரம் கூடும். ஆகவே முதல் இரண்டு மாதம் இறக்கத்தில் நடைதான், ஓட்டம் கூடாது.

கரிசல் மண்ணும் லேசுப்பட்டதில்லை. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கணுக்காலைப் பிசகவைக்கும். ஐப்பசி மழையில் ஷூவில் அப்பிக்கொண்டு காலைத் தூக்கவிடாது. அந்த நாட்களில் தார் ரோட்டு ஏற்றமே நல்லது. பங்குனி, சித்திரையில் வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்கள், பி.பி., சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் மேட்டுப்பக்கம் போகவே கூடாது. ஏறும்போது நெஞ்சை அழுத்தினாலோ, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினாலோ, அப்படியே நில்லுங்கள். 'வாய்வு' என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சிலவகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஓட்டத்தின் நடுவே சர்க்கரை இறங்கிவிடலாம். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும். "பையிலதான் கடலைமிட்டாய் இருக்கே!" என்பீர்கள். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர் மிட்டாய்தான், ஆனால் இந்த அவசரத்துக்கு உதவாது. கடலையில் உள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போங்கள். கடலைமிட்டாயை, மற்றவர்கள் வீடு திரும்பியதும் ஆளுக்கு ஒன்று கடிக்கலாம்.