சரக்கு கெட்டது எங்கே? பதிவுக் கருவி சாட்சி சொல்லும்

கொல்லிமலையில் அன்னாசி, பலா, வாழை, மிளகு, காப்பி ஆகியவை முக்கியப் பயிர்களாகும். மலையில் விளையும் சரக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காரவள்ளி அடிவாரத்திற்கு இறங்கி, வெளியூர்களுக்குச் செல்கிறது. உயரம் 1,000 மீட்டர் குறைந்தால் வெப்பம் சுமார் 6 டிகிரி சென்டிகிரேடு கூடும் என்பது பொதுக் கணக்கு. காலையில் மலைமேல் குளுமையாக இருந்த சரக்கு, மதியம் சமவெளியில் தார்ப்பாயின் கீழ் வெந்துவிடுகிறது.

முழுப் பழமாக விற்கும்வரை இதனால் அதிகத் தொல்லை இல்லை. ஆனால் பலாச்சுளையை எடுத்தும், அன்னாசியைத் துண்டு போட்டும், உறையிலிட்டு விற்றால் கூடுதல் விலை கிடைக்கும் என்பதால் உழவர் குழுக்கள் பல இத்தொழிலில் இறங்குகின்றன. இங்கேதான் வெப்பநிலை முக்கியமாகிறது. சரக்கு கெட்டுவிட்டது என்று வியாபாரி திருப்பி அனுப்பினால், பழுது தோட்டத்திலா, வண்டியிலா, அவரது கிடங்கிலா என்று எப்படிச் சொல்வது? ஆதாரம் இல்லாதபோது நஷ்டம் விவசாயியின் தலையில்தான் விழும்.

நுண்ணுயிரிகளின் பெருக்கம்

பழத்தின் தோல் இயற்கை தந்த கவசமாகும். அதை நீக்கியவுடன் நுண்ணுயிரிகள் உள்ளே நுழைய வழி பிறக்கிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலை அவற்றுக்கு உகந்தது. சாதகமான சூழலில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அதாவது ஒன்று 2 மணி நேரத்தில் 64 ஆகவும், 4 மணி நேரத்தில் 4,096 ஆகவும் பெருகும். அன்னாசியில் புளிப்பு அதிகம் என்பதால் பெருக்கம் சற்று மட்டுப்படும். பலாச்சுளையில் புளிப்பு குறைவு. ஆகவே கூடுதல் கவனம் தேவை. நோயை உண்டாக்கும் கிருமிகள் பெருகினாலும் சுளையின் நிறமும் மணமும் மாறாமல் இருக்கலாம். கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க இயலாது.

கருவி வேலை செய்யும் விதம்

'டேட்டா லாகர்' எனப்படும் வெப்பநிலைப் பதிவுக் கருவி உள்ளங்கையில் அடங்கும். இதில் வெப்பத்தை உணரும் பகுதி, மின்கலம், நினைவகம் ஆகியவை உள்ளன. குறித்த இடைவெளியில் வெப்பநிலையை அளந்து, தேதி, நேரத்துடன் பதிந்து வைக்கும். 10 நிமிடங்களுக்கு ஒருமுறை பதிந்தால் நாளொன்றுக்கு 144 பதிவுகள் ஆகும். 16,000 பதிவுகளைக் கொள்ளும் கருவி சுமார் 110 நாட்களுக்குத் தாங்கும். பயணம் முடிந்ததும் கணினியில் செருகினால் முழு விவரமும் வரைபடமாகக் கிடைக்கும். சாதாரண வெப்பமானி பார்க்கும் நேரத்து நிலையை மட்டுமே காட்டும். இரவு 2 மணிக்கு ஓட்டுநர் குளிர்சாதனத்தை நிறுத்தியிருந்தால் அதைக் காட்டாது.

கவனிக்க வேண்டியவை

1. வெட்டிய பழத்தை 5 டிகிரிக்கும் கீழே வைத்து அனுப்ப வேண்டும். ஆனால் முழு அன்னாசியை 7 டிகிரிக்குக் கீழும், வாழையை 13 டிகிரிக்குக் கீழும் வைத்தால் குளிரினாலேயே பழுதாகும். எல்லாவற்றையும் ஒரே அறையில் அடைத்தல் கூடாது.

2. அறுவடையை அதிகாலையில் முடித்து, சரக்கை நிழலில் வைத்து ஆற்றிய பிறகே குளிரூட்ட வேண்டும்.

3. கருவியைக் குளிர்காற்று வரும் துளையருகிலோ பனிக்கட்டியின் மேலோ வைக்கலாகாது. ஒன்றைச் சரக்கின் நடுவிலும், மற்றொன்றைக் கதவருகிலும் வைத்தல் நலம்.

4. ஆண்டுக்கு ஒருமுறையேனும் கருவியைச் சோதிக்க வேண்டும். நொறுக்கிய பனிக்கட்டியுடன் சிறிது நல்ல தண்ணீர் சேர்த்து, கருவியை நீர் புகாத பாலிதீன் உறையிலிட்டு அதில் அமிழ்த்தி வைக்கவும். அரைமணி நேரம் கழித்து 0 டிகிரியையொட்டிக் காட்டினால் கருவி சரியாக உள்ளது. கொதிநீரைக் கொண்டு வெப்பமானியைச் சோதிப்பது மலையில் பொருந்தாது. 1,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் அல்லாமல் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

மிளகுக்கும் உதவும்

காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பதியும் கருவிகள் உள்ளன. மிளகை 11 சதவீத ஈரத்திற்குக் காயவைத்துச் சேமித்தாலும், பனிமூட்டக் காலத்தில் கிடங்கின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டியே நின்றால் மிளகு மீண்டும் ஈரத்தை இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத்தால் உண்டாகும் அஃப்ளாடாக்சின் கொடிய நஞ்சு. ஐரோப்பிய நாடுகள் மிளகில் இதன் மொத்த அளவு கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்க அனுமதிப்பதில்லை. ஈரம் ஏறுவதைக் கருவி காட்டிய உடனேயே மூட்டைகளைப் பிரித்து, வெயிலில் காயவைத்துக் காப்பாற்றலாம்.

யாருக்குத் தேவை?

சோளக்காடு சந்தையில் முழுப் பழமாக விற்பவர் இக்கருவியை வாங்கத் தேவையில்லை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டமும், விவசாயி தன் நிலத்தில் விளைவித்த விளைபொருளைத் தோட்ட அளவில் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் பழத்தை வெட்டி, உறையிலிட்டு விற்கத் தொடங்கியதும் அது உணவுத் தொழிலாகிவிடுகிறது. பதிவும் சுகாதார விதிகளும் பொருந்தும். இத்தகையோர் தனித்தனியே செலவு செய்யாமல், குழுவாகச் சேர்ந்து இரண்டு மூன்று கருவிகளை வாங்கிச் சுற்றில் பயன்படுத்துவது சிக்கனமாகும்.

கருவி சரக்கைக் குளிரவைக்காது, கிருமியையும் கொல்லாது. சுத்தமான கத்தி, கைகழுவுதல், நல்ல தண்ணீர் ஆகியவற்றுக்கு அது மாற்றாகாது. வெப்பம் எப்போது, எவ்வளவு நேரம் ஏறியது என்பதை மட்டும் ஒளிக்காமல் சொல்லும். விற்பனை பேசும்போதே, எத்தனை டிகிரியில் சரக்கு ஒப்படைக்கப்படும், பதிவை யார் பார்ப்பது என்பவற்றை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு செய்தால் உண்பவரின் உடல்நலமும் காக்கப்படும், உழைத்தவரின் விலையும் வீண் போகாது.